சிங்கப்பூர் குடும்பப் பயணத்தில் கோலாலம்பூரையும் சேர்க்கலாமா?

நங்கநல்லூர்க்காரர்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறையில், குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றுவரத் தீர்மானித்திருக்கிறோம். நானும் மனைவியும், 12 வயது மகளும் 5 வயது மகனும், 68 வயதாகும் என் அம்மாவுமாக ஐந்து பேர். அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பை வைத்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறி, அடுத்த வாரச் சனிக்கிழமை இரவு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். கையில் இருப்பவை ஏழு இரவுகள். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன்பு ஒரு விஷயத்தில் முடிவுக்கு வர வேண்டியிருப்பதால் இங்கே கேட்கிறேன்.

ஏழு இரவுகளையும் சிங்கப்பூரிலேயே கழிப்பதா, அல்லது இரண்டு மூன்றைப் பிரித்துக் கோலாலம்பூருக்குக் கொடுப்பதா என்பதே கேள்வி. மகளுக்கு யூனிவர்சல் ஸ்டுடியோவும் மகனுக்கு விலங்குகளும் கிடைத்தால் போதும். அவர்கள் மலேசியாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐந்து பேரின் துணிமணிகளை நடுவில் ஒருமுறை மூட்டை கட்டி, இன்னொரு குடியேற்ற வரிசையில் மாமியாரையும் சிறுவனையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மனைவி கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கோலாலம்பூர் என்ற பேச்சு எழுந்ததே அம்மாவால்தான், ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருடைய பெரியப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தார். பிறகு ஊர் திரும்பவே இல்லை. அவர் அனுப்பிய புகைப்படம் ஒன்று அம்மாவின் பீரோவில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மடித்த குடை. அவருக்குப் பின்னால் செங்குத்தாக ஏறிப்போகும் படிக்கட்டு. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் 'பத்துமலை, தைப்பூசம்' என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் போகிறோம் என்று சொன்ன அன்று இரவு அம்மா அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அங்கேயிருந்து இது ரொம்பத் தூரமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். திருத்தணிக்குப் போனால் மேலே வரை வண்டி போவதால் தரிசனம் கிடைக்கிறது. அந்த 365 படிகளை அவர் நடந்து ஏறிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கோலாலம்பூரை ஒட்டிய பத்துமலை முருகன் கோயிலில் 272 படிகள் என்கிறார்கள், வண்டிப் பாதை கிடையாது. படியேற முடியாதவரை அவ்வளவு தூரம் அழைத்துப் போய்க் கீழே நிறுத்துவது அவருக்கு மகிழ்ச்சியைத் தருமா, அல்லது ஏக்கத்தைக் கூட்டுமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. போவதானால் பேருந்தா விமானமா என்பதும் தெரியவில்லை. வயதானவர்களோடும் சிறு பிள்ளைகளோடும் இப்படிப் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் ஆசிரியை:

சகோதரருக்கு வணக்கம். உங்கள் மனைவியின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ உங்களைப் போலவே, இரண்டு பிள்ளைகளோடும் என் மாமனாரோடும் சென்றோம். ஏழு இரவுகளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், லங்காவி என்று மூன்று ஊர்கள். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. அந்தத் தாளில் இல்லாதவை என்னவென்றால், முதல்நாள் மாலையே ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது, ஈரமான நீச்சல் துணிகளை எதில் சுற்றுவது என்று தெரியாமல் நின்றது, புதிய ஊரில் அறை தயாராகும் வரை வரவேற்பறைச் சோபாவில் மாமனார் உட்கார்ந்தபடியே தூங்கியது ஆகியவை. ஒரு ஊரைச் சேர்த்தால் ஒரு நாள் போகும் என்று நினைத்தோம். உண்மையில் ஒன்றரை நாள் போனது. இரண்டு ஊர்களைச் சேர்த்ததால் மூன்று நாட்கள் போயின.

கோலாலம்பூரில் இறங்கிய இரவே சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அது எந்த ஊரிலும் வரக்கூடியதுதான், ஆனால் ஒரே ஊரில் இருந்திருந்தால் ஒரு நாள் அறையிலேயே படுக்க வைத்திருப்போம். மறுநாள் காலை அடுத்த விமானம் என்று இருந்ததால், 101 டிகிரி உடம்பை மடியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் மனது சரியாக இருப்பதில்லை.

சிங்கப்பூர் சிறிய ஊர், நான்கு நாளில் முடிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் 68 வயது அம்மாவும் உடன் இருக்கும்போது அது அப்படி முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு, மாலையில் ஒரு சிறிய இடம் என்று போனால்தான் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். யூனிவர்சல் ஸ்டுடியோவுக்கு ஒரு முழு நாள். மண்டாய் விலங்குக் காட்சிச்சாலைக்கும் இரவு சஃபாரிக்கும் இன்னொரு நாள். கரையோரப் பூந்தோட்டத்துக்கு ஒரு மாலை. இரவு சஃபாரியில் டிராம் வண்டியிலேயே சுற்றிவரலாம் என்பதால் அம்மாவுக்கும் சிரமம் இராது.

முருகன் தரிசனம்தான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலேயே டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. நகரத்தார் 1859இல் கட்டியது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் வந்து சேரும் கோயில் அதுதான். அம்மாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கோலாலம்பூரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன் வாசி:

நான் தாம்பரத்தைச் சேர்ந்தவன். பதினான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்காக இந்தக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறையாவது போட்டுப் பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை அம்மா சொன்ன இழப்பு உண்மை. ஆனால் அந்த இழப்பின் அளவு, சீட்டை எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலரும் சென்னை - சிங்கப்பூர் போக வர ஒரே சீட்டாக எடுத்துவிட்டு, நடுவில் கோலாலம்பூருக்குப் போய்விட்டு, ஊர் திரும்புவதற்காக மறுபடி சிங்கப்பூர் வருகிறார்கள். ஒரு முறை கடக்க வேண்டிய எல்லையை இரண்டு முறை கடக்கிறார்கள். ஒன்றரை நாள் என்பது அங்கேதான் இரண்டரை நாளாகிறது. சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்தே சென்னைக்கு விமானம் ஏறுவதுபோல எடுங்கள். முன்பதிவுத் தளங்களில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் பார்த்தால் கிடைக்கும். இரண்டு ஊர்களிலிருந்தும் சென்னைக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, இரண்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான். திரும்பி வரும் வேலையே இல்லாதபோது, நீங்கள் இழப்பது ஒரே ஒரு பகல்.

விசாவுக்கும் இதுவே நல்லது. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும். சென்னையில் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவரின் கட்டணம் தனி. விசா கையில் வந்ததும் அது ஒருமுறை நுழைவதற்கா, பலமுறை நுழைவதற்கா என்று பாருங்கள். ஒருமுறை விசாவோடு மலேசியா போய்விட்டால் மறுபடி இங்கே நுழைய முடியாது. கோலாலம்பூரிலிருந்தே ஊர் திரும்புகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. திரும்பும் சீட்டையும் தங்கும் இட முன்பதிவையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கேட்டால் காட்ட வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் இணையவழி வருகை அட்டை உண்டு. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம். பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய இருப்பதால், அரசுத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

பேருந்தா விமானமா என்று கேட்டிருந்தீர்கள். தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கிறது, பேருந்துகளின் இருக்கைகளும் அகலமானவை. வழியில் தடை இல்லாவிட்டால் ஐந்தாறு மணி நேரம். ஆனால் சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸில் இறங்கி வெளியேறும் முத்திரை, ஜொகூர் பாலத்தைக் கடந்ததும் மறுபடி இறங்கி நுழைவு முத்திரை, அங்கே எல்லாப் பெட்டிகளையும் பேருந்திலிருந்து இறக்கிச் சோதனை இயந்திரத்தில் போட்டு மறுபடி ஏற்றுவது என்று இருக்கிறது. 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான். நீண்ட வார இறுதிகளில் அதைக் கடக்க மணிக்கணக்காகிவிடும். மே மாதத்தில் தொழிலாளர் தினமும் விசாக தினமும் இரு நாடுகளிலும் விடுமுறை. முழங்கால் வலி உள்ளவரையும், "எப்போது போய்ச் சேருவோம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வயதிலுள்ள பிள்ளையையும் அந்த வரிசையில் நிறுத்த நான் சொல்ல மாட்டேன்.

விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆயினும் அறையைக் காலி செய்து சாங்கி விமான நிலையம் போவது, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருப்பது, இறங்கியபின் நகரத்திலிருந்து 57 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவது எல்லாம் சேர்ந்து, வாசலிலிருந்து வாசலுக்கு ஆறேழு மணி நேரம் ஆகிறது. காலக் கணக்கில் பேருந்தைவிடப் பெரிய லாபம் இல்லை, உடம்புக்குத்தான் லாபம். இந்தத் தடத்தில் குறைந்த கட்டண விமானங்களே அதிகம். பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதைச் சீட்டு விலையோடு சேர்த்துப் பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் முனையங்கள் இரண்டு, தனித்தனிக் கட்டடங்கள். வரும்போது எது, போகும்போது எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐந்து பேருக்குச் சிங்கப்பூரில் இரண்டு அறைகள் எடுக்க வேண்டியிருக்கும். இங்கே தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது என்பதால், சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கலாம் என்ற திட்டமும் நடக்காது. கோலாலம்பூரில் அது நடக்கும். இரண்டு படுக்கையறையும் அடுப்பும் உள்ள அடுக்ககம், சிங்கப்பூரின் ஒரு அறை விலைக்கே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஏழாம் நாள் காலையில் உங்கள் அம்மா தன் கையால் தயிர்சாதம் பிசைந்து அந்தப் பையனுக்கு ஊட்டினால், அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேறு மனிதர்கள். என் அத்தை வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கு மலேசியாவில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அதைத் தவிர்த்துப் பார்த்தாலும் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டு இரவுகளை அங்கே மாற்றுவதால் மிச்சமாகும் தொகை அந்த ஒரு மணி நேர விமானச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

இன்னொன்று. சாதாரண டாக்சியில் இங்கே நான்கு பேர்தான். மடியில் குழந்தை என்ற நம் ஊர்க் கணக்கு செல்லாது, ஐந்து வயதுப் பையனும் ஒரு ஆள். செயலி வழியாக அழைக்கும் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆறு பேர் அமரும் வண்டியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது எம்ஆர்டி ரயிலில் செல்லுங்கள். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது.

என் கணிப்பில் உங்களுக்கு ஐந்து இரவு சிங்கப்பூர், இரண்டு இரவு கோலாலம்பூர் என்பது பொருந்தும். ஆனால் பத்துமலைக்காக மட்டுமே அங்கே போகிறோம் என்று முன்கூட்டியே மனதில் முடிவு செய்துகொண்டால்தான் பொருந்தும்.

நங்கநல்லூர்க்காரர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க மூணு ஊர் போனாங்க, நாம ரெண்டுதானே கேக்கறோம்" என்று அவரே சொன்னார்.

டேங்க் ரோட்டுக் கோயிலைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். 1859 என்றதும் வியந்தார். கட்டாயம் போக வேண்டும் என்றார். ஆனால் சற்று நேரம் கழித்து, "முருகன் எங்கேயும் இருக்கார்ப்பா, பெரியப்பா அங்கேதானே நின்னார்" என்றார். அதோடு எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு இது கோயிலைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

எனக்கு மீதமிருப்பது அந்தப் படிகளைப் பற்றிய கவலைதான். பினாங்கிலும் ஒரு முருகன் கோயில் இருக்கிறதே, அங்கே வசதி எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்கச் சொன்னார்.

வளசரவாக்கம் தாத்தா:

தம்பி, பினாங்கு உங்களுக்குச் சரிப்படாது. அங்கே தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

பத்துமலைக்கு நான் என் மனைவியோடு இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை நாங்கள் இருவருமே ஏறினோம். இரண்டாவது முறை அவளுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது; நான் மட்டும் ஏறிவிட்டு வந்தேன். எனவே கீழே இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவள் வாயால் கேட்டறிந்து சொல்கிறேன்.

கீழே இருப்பதும் கோயில்தான். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பச்சை நிறத்தில் பெரிய அனுமார் சிலை, பக்கத்தில் ராமாயணக் குகை. அதைத் தாண்டி நடந்தால் திடல் விரிகிறது. படிக்கட்டின் அடியில் 42.7 மீட்டர் உயரத்தில் வேலைப் பிடித்தபடி பொன்னிறத்தில் முருகன் நிற்கிறார். 2006 சனவரியில் திறந்தார்கள். உங்கள் பெரிய தாத்தாவின் படத்தில் அந்தச் சிலை இராது, அவர் காலத்தில் வெறும் மலைதான். தரையிலேயே சன்னிதிகள் இருக்கின்றன, அர்ச்சனை செய்யலாம், உட்கார நிழலும் உண்டு. என் மனைவி அங்கே உட்கார்ந்து, காவடிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணியின் பாட்டி பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவராம். நான் திரும்பி வந்தபோது பேச்சு பாதியில் இருந்தது. என்னைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னாள்.

படிகளைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். 2018இல் அடித்த வண்ணங்களால் பார்க்க அழகாக இருக்கிறதே தவிர, செங்குத்து செங்குத்துதான். படிகள் குறுகலானவை, கால் முழுவதும் பதியாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். பாதி வழியில் மனம் மாறி இறங்க நினைப்பவருக்கு வேறு வழி கிடையாது. அம்மா ஆசைப்பட்டு நாலு படி ஏறிப் பார்க்கிறேன் என்றால் ஏறட்டும், ஆனால் பத்துப் படிக்கு மேல் விடாதீர்கள். குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும். தேங்காய், பழம் எதையும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் அந்தத் திடலின் சூடு நம் ஊர் மே மாத வெயிலுக்குக் குறைந்ததில்லை, கூட்டமும் வந்துவிடும்.

தங்குவதற்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையம் ஒட்டியே இருக்கிறது. விமான நிலையத்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் அங்கே கொண்டுவந்து விடுகிறது. பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலும் அதே நிலையத்திலிருந்துதான். அது அடிக்கடி வராது, நேரம் பார்த்துப் போக வேண்டும். தெருவில் இறங்கினால் வாழை இலைச் சாப்பாடும் பூக்கடையும் இருக்கும். அம்மாவுக்கு மொழிச் சிக்கல் என்ற பேச்சே இல்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் படத்தில் படிக்கட்டு அவருக்குப் பின்னால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் நின்றது கீழேதானே தம்பி? அம்மாவை அந்த இடத்தில், அதே பக்கம் முகம் பார்க்க நிறுத்தி ஒரு படம் எடுங்கள். அவர் வந்தது அந்த இடத்துக்குத்தான். 272 படிகளும் அதற்கு மேலே இருப்பவை.

பெரம்பூர் ஆசிரியை:

ஐயா எழுதியதைப் படித்தபிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இந்தப் புகைப்பட விஷயத்தின் கனம் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் லங்காவி போனதற்கு எங்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இருந்ததில்லை, பக்கத்தில்தானே இருக்கிறது என்று சேர்த்தோம். உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கோலாலம்பூர் போய்விட்டோமே என்று கெந்திங் மலையையும் மலாக்காவையும் அந்த இரண்டு நாளில் திணிக்காதீர்கள். இரட்டைக் கோபுரத்தை மாலையில் வெளியே நின்று பார்த்தால் போதும், இரவு விளக்கில் பிள்ளைகளுக்கு அதுவே நிறைவாக இருக்கும். இரு நாடுகளையும் உள்ளடக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

நங்கநல்லூர்க்காரர்:

பெரியவருக்கு என் வணக்கங்கள். உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, பீரோவைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அவர் காலடியில் மண்தரை. முதல் படி அவருக்கு நாலைந்து முழம் பின்னால் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆமாம், செருப்பைக்கூடக் கழட்டலை" என்றார்.

நேற்று இரவு சீட்டு எடுத்துவிட்டோம். சென்னையிலிருந்து சிங்கப்பூர், வியாழக்கிழமை நண்பகல் கோலாலம்பூர், சனிக்கிழமை இரவு அங்கிருந்து சென்னை. வெள்ளிக்கிழமை காலை பத்துமலை. அதைத் தவிர அந்த இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் இல்லை, மனைவியின் நிபந்தனை அதுதான். சிங்கப்பூர்ப் பகுதியை மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை யூனிவர்சல் ஸ்டுடியோ என்று சிவப்பு மையில் கட்டம் போட்டிருக்கிறாள்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாங்கியில் இறங்குகிறோம். விடுதியில் அறை மூன்று மணிக்குத்தான் என்கிறார்கள். இரவு முழுவதும் சரியாகத் தூங்கியிருக்காத அம்மாவை வைத்துக்கொண்டு அந்த எட்டு மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

சிராங்கூன் வாசி:

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று மூன்று விமானங்களுக்கும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்ல வேண்டும், கட்டணம் கேட்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள், வேறு வழி சொல்கிறேன். சாங்கியில் நடக்க வேண்டிய தூரம் அதிகம். நாற்காலி இருந்தால் குடியேற்ற வரிசையிலும் உங்கள் குடும்பத்துக்குச் சுலபமாக இருக்கும்.

இறங்கிய காலையில் எங்கும் சுற்ற வேண்டாம். பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, அருகில் காலை உணவு முடித்துவிட்டு வாருங்கள். வெள்ளி இரவுக்கும் சேர்த்து ஓர் அறையை மட்டும் பதிவு செய்துவிடுங்கள், 'காலை எட்டு மணிக்கு வருவோம், அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்' என்று விடுதிக்கு எழுதியும் விடுங்கள். ஓர் இரவின் வாடகை வீண் என்று தோன்றும். அம்மாவும் பையனும் ஒன்பது மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுந்தால், அன்று மாலையே டேங்க் ரோடு கோயிலுக்குப் போகலாம்; அடுத்த ஆறு நாளும் அதன் பலன் தெரியும்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அம்மா பொடி வகை எதையாவது அரைத்து எடுத்து வருவதானால் கசகசா சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அந்தப் புகைப்படத்தின் அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நகலை எடுத்து வாருங்கள். பத்துமலையில் குரங்குகள் இருக்கின்றன.